நான்கு வழிகளில் ஏறிய உப்பு: புகையில் வேகவைத்த பன்றி விலாக்கறி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வில் இடம்பெறும் கணவனும் மனைவியும் வேறு வேலை பார்த்துக்கொண்டே, வார இறுதிகளில் இருபது முப்பது பேர் கூடும் விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுப்பவர்கள். கரி அடுப்பின் மேல் கம்பி வலை வைத்துச் சுடும் பன்றிக்கறியில் அவர்களுக்கு நல்ல கைப்பக்குவம் உண்டு. கறியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, புதிதாகப் பிழிந்த அன்னாசிச் சாறு, சோயா சாஸ், வினிகர், நசுக்கிய பூண்டு ஆகியவற்றைக் கலந்த சாற்றில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நல்ல கனலில் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் சுட்டு எடுப்பது அவர்கள் முறை. பல ஆண்டுகளாக அது அவர்களைக் கைவிட்டதில்லை.

அதன் பிறகு அவர்கள் ஒரு ஸ்மோக்கர் வாங்கினார்கள். அதில் நெருப்பறை ஒரு பக்கமும் கறி வைக்கும் அறை இன்னொரு பக்கமும் இருக்கும்; கறியின் மேல் அனல் நேரடியாகப் படாமல், 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், மரப்புகையோடு பல மணி நேரம் மெல்ல வேகும். இரண்டு முறை சிறு அளவில் கோழி போட்டுப் பழகிய பிறகு, இருபத்து நான்கு பேருக்கான விருந்துக்கு விலாக்கறி செய்து தருவதாக ஒப்புக்கொண்டார்கள். வாங்கியவை எட்டு விலாப் பாளங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.4 கிலோ. அவை முதுகெலும்பை ஒட்டிய சிறிய விலா அல்ல. வயிற்றுப் பக்கத்து விலா. கொழுப்பும் இணைப்புத் திசுவும் கூடுதலாக உள்ள பகுதி என்பதால், மெல்ல வேகவைக்க ஏற்ற தேர்வுதான்.

எனக்கு இதில் இருந்த பங்கையும் சொல்லிவிட வேண்டும். முதல் விருந்தில் நான் உண்பவனாக மட்டுமே இருந்தேன். அடுத்த வாரம் அவர்கள் கேட்டுக்கொண்டதால், நடந்ததை எழுதி வைத்து, அளந்து, திரும்பச் செய்து பார்க்கும் வேலையில் சேர்ந்துகொண்டேன்.

முதல் முறை செய்த விதம்

விருந்துக்கு முந்தைய நாள் மாலை ஆறு மணிக்குப் பாளங்களைக் கழுவி, பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் அடுக்கி, வழக்கமான ஊறல் சாற்றை ஊற்றினார்கள். அளவு மட்டும் பெரிதாக்கப்பட்டது: அன்னாசிச் சாறு 2 லிட்டர், சோயா சாஸ் 1.2 லிட்டர், வினிகர் 400 மில்லி, பூண்டு. பெரிய பாளம், தடித்த எலும்பு, ஆகவே கூடுதல் நேரம் வேண்டும் என்ற கணக்கில் இரண்டு மணி நேரம் பதினெட்டு மணி நேரமாயிற்று. தொட்டி குளிர்பதனப் பெட்டிக்குள் நுழையாததால் பனிக்கட்டி நிரப்பிய பெட்டியில் வைக்கப்பட்டது. அங்கே வெப்பம் எவ்வளவு இருந்தது என்று யாரும் அளக்கவில்லை. பச்சை இறைச்சி 4 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்ததுதான். பனிக்கட்டி இருக்கிறதே என்ற நம்பிக்கையில் அதை விட்டுவிட்டார்கள்.

மறுநாள் நண்பகலில் பாளங்களை எடுத்து, சாற்றை உதறிவிட்டு, ஈரம் துடைக்காமலே உலர் மசாலாவைத் தூவினார்கள். உப்பு, பழுப்புச் சர்க்கரை, பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்ப் பொடி), மிளகு, வெங்காயப் பொடி, பூண்டுப் பொடி ஆகியவை சேர்ந்த அந்த மசாலாவின் அளவுகள் வேறொருவர் எழுதிக் கொடுத்த குறிப்பிலிருந்து வந்தவை. பாளம் ஒன்றுக்கு மூன்று தேக்கரண்டி உப்பு என்று அதில் இருந்தது. எலும்புப் பக்கத்து ஜவ்வு உரிக்கப்படவில்லை. ஸ்மோக்கரில் வைத்து நான்கு மணி நேரம் கழித்து, காய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, தொட்டியில் மீந்திருந்த ஊறல் சாற்றையே தூரிகையால் மூன்று முறை பூசினார்கள்.

இந்த ஒவ்வொரு படியையும் தனித்தனியாகப் பார்த்தால் கண்மூடித்தனம் என்று சொல்ல முடியாது. தெரிந்த முறையைத் தெரியாத அடுப்புக்குக் கொண்டுபோகும்போது யாரும் செய்யக்கூடியதுதான்.

பரிமாறியபோது கண்டவை

கறி வெந்திருந்தது, வெப்பமானி 93 டிகிரி காட்டியது. ஆனால் கத்தி வைத்ததும் முதல் கோளாறு தெரிந்தது. மேற்பரப்பில் பொருக்கு கட்டவில்லை. கருஞ்சிவப்பான ஈரப் பசை போன்ற ஒன்று கத்தியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பசைக்குக் கீழே சுமார் மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கறி நார் நாராக இல்லாமல், விரலால் தேய்த்தால் மாவாகும் நிலையில் இருந்தது. அதற்கும் கீழே நேர்மாறு: கறி இறுகி, வழவழப்பாக, பதப்படுத்திய ஹாம் போன்ற கடியோடு இருந்தது. ஒரே துண்டில் குழைவும் இறுக்கமும் இருந்தது எனக்கு அன்று புரியவில்லை.

எல்லாவற்றையும்விட முதலில் நாக்கில் பட்டது உப்பு. விருந்தினர் நாகரிகமாகச் சாப்பிட்டார்கள். ஆனால் தண்ணீர்க் குடம் இரண்டு முறை நிரப்பப்பட்டதை மனைவி கவனித்திருக்கிறார். நெருப்பறைப் பக்கம் இருந்த இரண்டு பாளங்களின் ஓரம் கசந்தது. எலும்பின் பின்னால் இருந்த ஜவ்வு காகிதத் தோல் போலப் பல்லில் இழுபட்டது. யாருக்கும் வயிற்றுக் கோளாறு வந்ததாகத் தகவல் இல்லை. பச்சை இறைச்சி ஊறிய சாற்றைக் கொதிக்க வைக்காமல் வெந்த கறியின் மேல் பூசிய பிறகு அப்படி நடந்ததை நல்வாய்ப்பு என்றுதான் பதிவு செய்ய வேண்டும்.

முதலில் தவறாகப் போன ஊகங்கள்

அன்றிரவே மூன்று விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. கணவர் சர்க்கரையைக் குறை சொன்னார். மனைவி, கறி கூடுதல் நேரம் வெந்துவிட்டது என்றார். நான் ஜவ்வைக் குறை சொன்னேன்: ஜவ்வு உரிக்காததால் ஊறல் ஒரு பக்கமாக மட்டும் ஏறி, மேல் பக்கம் மிகையாகிவிட்டது என்பது என் வாதம். கேட்க நன்றாக இருந்த அந்த வாதம் தவறு. எலும்புப் பக்கத்தில் கறியே குறைவு. இறைச்சியின் பெரும்பகுதி மேல் பக்கத்தில் திறந்தபடிதான் இருக்கிறது. ஜவ்வு கடிக்கும்போது இடைஞ்சல் தருமே ஒழிய, மேல் பக்கத்தில் நடந்ததற்கு அது காரணமாக முடியாது.

கூடுதல் நேரம் வெந்தது என்பதும் நிற்கவில்லை. இணைப்புத் திசுவில் உள்ள கொலாஜன் 70 டிகிரிக்கு மேல் மெல்ல மெல்ல ஜெலட்டினாக மாறுகிறது. விலாக்கறி 90 டிகிரியைத் தாண்டினால்தான் எலும்பிலிருந்து இசைவாகப் பிரியும். 93 டிகிரி சரியான அளவே. மிகையாக வெந்த கறி நார் பிரிந்து உதிரும். மேலே மட்டும் மாவாகி, உள்ளே இறுகியிருக்காது.

உப்புக் கணக்கு

அடுத்த சனிக்கிழமை சமையலறை மேசையில் ஒரு தராசை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதலில் குறிப்பில் இருந்த மூன்று தேக்கரண்டி உப்பு. அந்தக் குறிப்பை எழுதியவர் பயன்படுத்துவது செதில் செதிலாக இருக்கும் பருவெட்டு உப்பு என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டோம். செதில்களுக்கிடையே காற்று நிறைய இருப்பதால் அந்த உப்பில் ஒரு தேக்கரண்டி சுமார் 3 கிராம்தான் நிற்கும். இவர்கள் போட்டது நைசான தூள் உப்பு. மனைவி ஒரு தேக்கரண்டியைத் தலைதட்டித் தராசில் கொட்டினார். எண் 6இல் நின்றது. அவர் நம்பாமல் கொட்டியதைத் திரும்ப அள்ளி மறுபடி வைத்தார், மறுபடியும் 6. ஆக, பாளத்துக்கு 9 கிராம் என்று எண்ணப்பட்டது 18 கிராமாகப் போயிருக்கிறது.

இரண்டாவது, சோயா சாஸ். புட்டியில் 100 மில்லிக்கு 16 கிராம் உப்பு என்று அச்சிட்டிருந்தது. 1.2 லிட்டரில் 192 கிராம். மொத்த ஊறல் சாறு 3.6 லிட்டர் என்று கொண்டால், அது ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட உப்புநீர். இறைச்சியை உப்புநீரில் ஊறவைப்பவர்கள் வேண்டுமென்றே கலக்கும் செறிவும் ஏறத்தாழ அதுவே. சுவைக்கு ஊறவைக்கிறோம் என்று நினைத்தவர்கள், அறியாமலே பதினெட்டு மணி நேரம் உப்புநீரில் போட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது குப்பையில் கிடைத்தது. எதற்காகவோ கட்டிவைத்திருந்த பழைய பொட்டலங்களுக்கிடையே இறைச்சி சுற்றி வந்த பிளாஸ்டிக் உறை இருந்தது. அதன் சீட்டில், சிறிய எழுத்தில், இறைச்சிக்குள் உப்புக் கரைசல் செலுத்தப்பட்டுள்ளது என்று அச்சிட்டிருந்தது. கறி காய்ந்துபோகாமல் இருக்கவும் எடை நிற்கவும் விற்பனைக்கு முன்பே ஊசி மூலம் இப்படிச் செலுத்துவது உண்டு. அதாவது சமையலறைக்குள் வரும்போதே கறி உப்போடு வந்திருக்கிறது. நான்காவது, கடைசி மணி நேரத்தில் மூன்று முறை பூசிய அதே ஊறல் சாறு.

எவ்வளவு உப்பு சரி என்பதற்கு நாங்கள் எடுத்துக்கொண்ட அளவு, கறியின் எடையில் ஒரு சதவீதம். விலாவில் ஒரு சிக்கல்: தராசில் ஏறும் எடையில் கணிசமான பங்கு எலும்பு. உண்டு முடித்த ஒரு பாளத்தின் எலும்புகளைப் பிறகு கழுவி நிறுத்தபோது 430 கிராம் இருந்தது. ஆகவே 1.4 கிலோ பாளத்தில் கறி 950 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். அதற்கு வேண்டிய உப்பு பத்துக் கிராமுக்குள். தூவிய 18 கிராம் மட்டுமே ஏறத்தாழ இரண்டு மடங்கு. மற்ற மூன்று வழிகளில் ஏறியது அதற்கு மேல்.

உள்ளே ஹாம் போல இறுகியதற்கும் இதுவே விடை. உப்பு தசைப் புரதங்களில் ஒரு பகுதியைக் கரைத்து, அவை வேகும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளச் செய்கிறது. அளவாக இருந்தால் கறி நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மிகையாகவும் நெடுநேரமும் இருந்தால் பதப்படுத்திய இறைச்சியின் கடி வந்துவிடும்.

மாவாகிப்போன மேற்பரப்பு

அன்னாசியில் புரோமலைன் என்ற புரதச் சிதைப்பு நொதி இருக்கிறது. பப்பாளிக் காயில் உள்ள பப்பைனும் இதே வகை. கரி அடுப்புத் துண்டுகளை மென்மையாக்கி இந்தக் குடும்பத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது உண்மையில் இந்த நொதிதான். ஆனால் இது குளிரில் மந்தமாகவும், 50, 60 டிகிரி வெப்பத்தில் மிகுந்த வேகத்தோடும் வேலை செய்கிறது. 70 டிகிரியைத் தாண்டிய பிறகு சிதைந்து செயலற்றுப்போகிறது.

கனலின் மேல் வைத்த சிறு துண்டின் மேற்பரப்பு அந்த இடைப்பட்ட வெப்பத்தை ஓரிரு நிமிடங்களில் கடந்துவிடும். ஸ்மோக்கரில் அப்படி அல்ல. சுற்றிலும் 110 டிகிரி இருந்தாலும், ஈரமான மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் அது தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். பின்னர் செய்த சோதனையில் வெப்பமானியின் முனையை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே செருகிப் பார்த்தோம்: 45 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்கு ஏற 1 மணி 20 நிமிடம் ஆயிற்று. நொதிக்கு மிகவும் பிடித்த வெப்பத்தில், அது கேட்காமலே, ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுத்திருக்கிறோம். அதற்கு முன் குளிரில் பதினெட்டு மணி நேரம் வினிகரின் புளிப்பும் சேர்ந்து மேல் அடுக்கைத் தளர்த்தியிருக்கிறது. ஊறல் சாற்றைப் பொறுத்தவரை, எத்தனை மணி நேரம் ஊறுகிறது என்பதையே எல்லோரும் கேட்கிறோம். ஊறிய பிறகு எந்த அடுப்பில் ஏறப்போகிறது என்பது அதே அளவு முக்கியமான கேள்வி என்பதை இந்தப் பாளங்களில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

பொருக்கு கட்டாததற்குக் காரணம் எளிது. உதறி எடுத்த பாளத்தில் சாறு வழிந்துகொண்டிருந்தது. தூவிய மசாலா குழம்பாகிக் கீழே நழுவியது. பொருக்கு என்பது மசாலாவும் கறியின் புரதமும் சேர்ந்து காய்ந்து இறுகுவது. காயவே விடாமல் மூன்று முறை நனைத்தால் அது எப்படி வரும்?

கசப்புக்குக் கணவர் சொன்ன சர்க்கரை ஓரளவு பொறுப்புதான், ஆனால் அவர் நினைத்த விதத்தில் அல்ல. 110 டிகிரியில் சாதாரணச் சர்க்கரை கருகாது. நெருப்பறையை ஒட்டிய ஓரத்தில் கம்பி வலையின் மேல் இன்னொரு வெப்பமானியை வைத்தபோது அது 170ஐக் காட்டியது. அறையின் நடுவில் இருந்த மானியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை. அந்த ஓரத்தில் சர்க்கரையும், ஒட்டியிருந்த பூண்டுத் துணுக்குகளும் கருகியிருக்கின்றன.

நான்கு பாளங்களில் ஒரு சோதனை

காரணங்களை மேசையில் உட்கார்ந்து பேசுவது ஒன்று, அடுப்பில் நிரூபிப்பது வேறு என்று மனைவி வற்புறுத்தியதால், உப்புக் கரைசல் செலுத்தப்படாத இறைச்சியாகத் தேடி நான்கு பாளங்கள் வாங்கினோம். எல்லாவற்றுக்கும் உப்பு பத்துக் கிராம், தராசில் நிறுத்தது. உப்பில்லாத ஒரே உலர் மசாலா. சோயா சாஸ் கிடையாது.

முதல் பாளம் புதிதாகப் பிழிந்த அன்னாசிச் சாற்றில் பதினெட்டு மணி நேரம் ஊறியது. இரண்டாவது அதே சாற்றைக் கொதிக்க வைத்து ஆறவைத்த பிறகு அதே நேரம் ஊறியது. கொதித்தால் நொதி அழிந்துவிடும். இவ்விரண்டுக்கும் ஈரம் துடைத்துவிட்டு, அடுப்பில் வைக்கும் முன் உப்பும் மசாலாவும் தடவினோம். மூன்றாவதற்கு உப்பை மட்டும் தடவி, மூடாமல், கம்பித் தட்டின் மேல் வைத்துக் குளிர்பதனப் பெட்டியில் பன்னிரண்டு மணி நேரம் விட்டு, பிறகு மசாலா. நான்காவதற்கு உப்பும் மசாலாவும் சேர்த்து, வைப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பு. மூன்றாம் பாளத்தின் ஒரு பாதியில் மட்டும் ஜவ்வை விட்டுவைத்தோம். என் பழைய வாதத்துக்கு இறுதி மரியாதை செய்ய வேண்டும் அல்லவா.

முதல் பாளம் மீண்டும் மாவாயிற்று. இரண்டாவது மாவாகவில்லை. வேறு எந்த வித்தியாசமும் இல்லாததால் நொதி பற்றிய ஐயம் அத்துடன் தீர்ந்தது. இரண்டாவதில் அன்னாசி மணம் மேலே இருந்தது. உள்ளே தேடினாலும் கிடைக்கவில்லை. அதை உறுதி செய்ய, உப்பும் மசாலாவும் தடவிப் பதினெட்டு மணி நேரம் வைத்திருந்த ஒரு தனித் துண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தோம். பாப்ரிகாவின் சிவப்பு, வெட்டுமுகத்தின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கோடாக நின்றுவிட்டது. அதற்கு உள்ளே வெளிறிய இளஞ்சிவப்புக் கறி அப்படியே இருந்தது. பாப்ரிகாவின் நிறப்பொருள்கள் எண்ணெயில் கரைபவை, பெரிய மூலக்கூறுகள். நீர் நிறைந்த தசைக்குள் அவை போவதில்லை. உள்ளே போவது உப்பு. அதே துண்டின் ஓரங்களைச் சீவி எறிந்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் வாணலியில் வதக்கிச் சுவைத்தபோது உப்பு இருந்தது, மசாலா இல்லை.

மூன்றாவதும் நான்காவதும் எங்கள் எதிர்பார்ப்பைக் கலைத்தன. பன்னிரண்டு மணி நேரம் உப்பில் இருந்த பாளம் தெளிவாக வெல்லும் என்று நினைத்திருந்தோம். சுவைத்த ஆறு பேரில் நான்கு பேர் அதையே விரும்பினாலும், தடித்த நடு விலாவில் மட்டும்தான் வேறுபாடு தெரிகிறது என்றார்கள். ஓரத்து விலாக்களில் எது எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. விலாக்கறி தடிமனான பண்டம் அல்ல. இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். அத்துடன் அது ஐந்தாறு மணி நேரம் அடுப்பிலேயே இருக்கிறது. அந்த நேரத்திலும் உப்பு உள்ளே நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. இரவு முழுவதும் ஊற வேண்டும் என்ற கட்டாயம் இந்தக் கறிக்கு இல்லை. மூன்றாம் பாளத்தின் உண்மையான ஆதாயம் வேறு இடத்தில் இருந்தது: மூடாமல் வைத்ததால் மேற்பரப்பு காய்ந்து, விரலில் லேசாக ஒட்டும் பதத்துக்கு வந்திருந்தது, அதன் பொருக்குதான் நான்கிலும் சிறந்தது.

ஜவ்வை விட்ட பாதியிலும் உரித்த பாதியிலும் உப்பு ஒன்றாகவே இருந்தது. கடிக்கத்தான் முடியவில்லை.

இரண்டாவது விருந்தில் எடுத்த முடிவுகள்

ஐந்து வாரங்களுக்குப் பிறகு வேறொரு வீட்டு விருந்துக்கு மறுபடியும் எட்டுப் பாளங்கள் தேவைப்பட்டன. இறைச்சி வாங்கும்போதே சீட்டைப் படித்து, கரைசல் செலுத்தாததையே எடுத்தார்கள். ஊறல் சாறு முழுவதுமாகக் கைவிடப்பட்டது. அதனால் தொட்டியும் பனிக்கட்டிப் பெட்டியும் தேவையற்றுப்போயின. பாளங்களைத் தட்டுகளில் அடுக்கிக் குளிர்பதனப் பெட்டிக்குள்ளேயே வைக்க முடிந்தது. சுவைக்காகச் செய்த மாற்றத்தில் பாதுகாப்பும் சேர்ந்தே வந்தது.

காலை ஆறரைக்கு ஜவ்வு உரிக்கும் வேலை தொடங்கியது. பாளத்தைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டாவது விலா எலும்பின் மேல், கரண்டிக் காம்பின் முனையை ஜவ்வுக்கு அடியில் நுழைத்து நெம்பினால் அது கூடாரம் போல எழும்பும். கத்தி வைத்தால் கிழிந்துவிடும். எழும்பிய விளிம்பை வெறும் விரலால் பிடித்தால் வழுக்கும். காகிதத் துண்டால் பற்றி, இழுக்கும் கையைப் பாளத்தோடு ஒட்டியே தாழ்வாகக் கொண்டுபோனால் ஒரே உரியலில் வந்துவிடும். எட்டில் ஐந்து அப்படி வந்தன. மூன்று துண்டு துண்டாகக் கிழிந்து பொறுமையைச் சோதித்தன.

ஏழு மணிக்குப் பாளத்துக்குப் பத்துக் கிராம் உப்பு. அதில் பெரும்பகுதி கறிப் பக்கத்துக்கு, சிறு பகுதி எலும்புப் பக்கத்துக்கு. நண்பகலில் கடுகு விழுதை மெல்லிய படலமாகப் பூசி, அதன் மேல் உப்பில்லாத மசாலா. கடுகு விழுது சுவைக்காக அல்ல. தூள் பிடித்து நிற்பதற்காக மட்டும். வெந்த பிறகு அதன் காரம் தெரிவதில்லை. சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தார்கள். பன்னிரண்டரைக்கு ஸ்மோக்கரில் ஏற்றி 115 டிகிரியில் வைத்தார்கள். விறகு நன்கு காய்ந்தது. வெள்ளைப் புகை அடங்கி மெல்லிய புகை வரும் வரை காத்திருந்தே கறியை வைத்தார்கள். நெருப்பறைப் பக்கத்துப் பாளங்களை ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றினார்கள்.

அலுமினியத் தாளில் சுற்றுவதா வேண்டாமா என்பது மூன்றாம் மணி நேரத்தில் எழுந்த கேள்வி. சுற்றினால் கறி சீக்கிரம் வேகும், ஆனால் அடைபட்ட ஆவியில் பொருக்கு நனையும். நேரம் கையில் இருந்ததால் சுற்றவில்லை. வாடிக்கையாளர் அன்னாசிச் சுவையை விரும்பிக் கேட்டிருந்ததால், சாற்றைத் தனியாகக் கொதிக்க வைத்துச் சுண்டக் காய்ச்சி, கடைசி இருபது நிமிடத்தில் ஒரே ஒரு பூச்சு கொடுத்தார்கள்.

விளைவு

ஆறு மணிக்குப் பக்குவம் பார்த்தோம். பாளத்தின் ஒரு முனையை இடுக்கியால் தூக்கினால் மறுமுனை வளைந்து, மேல் பொருக்கில் விரிசல் விட வேண்டும். எலும்பின் நுனி ஒரு சென்டிமீட்டர் அளவுக்காவது கறியை விட்டு வெளியே தெரிய வேண்டும். ஆறு பாளங்கள் அந்த நிலைக்கு வந்திருந்தன. வெப்பமானியில் 92 முதல் 95 வரை. மற்ற இரண்டுக்கு இன்னும் அரை மணி நேரம் தேவைப்பட்டது.

வெட்டியபோது கத்தி முதலில் கரகரத்து, பிறகு தடையின்றி இறங்கியது. பொருக்குக்குக் கீழே ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக இளஞ்சிவப்பு வளையம். விறகுப் புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் தசைக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்வதால் வரும் நிறம் அது. வேகாத கறி என்று ஒரு விருந்தினர் ஒதுக்கி வைத்ததால், கணவர் வெப்பமானியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியதாயிற்று. நார்கள் தனித்தனியாகத் தெரிந்தன. மாவும் இல்லை, ஹாம் போன்ற இறுக்கமும் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. எல்லாருக்கும் பரிமாறி முடித்த பிறகு ஒரு விலாவைக் கடித்துப் பார்த்த மனைவி, "என்னங்க, இந்தத் தடவை இன்னும் ஒரு கல் உப்பு போட்டிருக்கலாமோ?" என்றார். பழைய அனுபவத்தின் பயத்தில் கணக்கைக் கறாராகப் பிடித்ததும், மேலே பூசும் சாற்றில் உப்பே இல்லாமல் விட்டதும் சேர்ந்து, தடித்த விலாக்கள் சற்றுச் சப்பென்றுதான் இருந்தன. மிளகும் கூடிப்போயிருந்தது, குழந்தைகள் பொருக்கை உரித்து வைத்துவிட்டு உள்ளே இருந்ததை மட்டும் தின்றார்கள்.

இனி மாற்றப்போவது

உப்பு பத்திலிருந்து பதினொன்றரைக் கிராமாக உயரும். அதுவும் தடித்த பாளங்களுக்கு மட்டும். பாளங்களை வாங்கும்போதே தடிமன்படி பிரித்து, மெல்லியவை நெருப்பறையிலிருந்து தள்ளிய பக்கம் போகும். மிளகு மூன்றில் ஒரு பங்கு குறையும். இடம் மாற்றும் வேலையைக் குறைக்க, நெருப்பறைக்கும் கறிக்கும் இடையே ஒரு தகரத் தடுப்பு வைத்துப் பார்க்க இருக்கிறார்கள். அது வெப்பத்தைச் சமமாக்குமா அல்லது புகையின் ஓட்டத்தைக் கெடுக்குமா என்பதை அடுத்த சோதனைதான் சொல்லும். மசாலாக் குறிப்பில் தேக்கரண்டி அளவுகள் எல்லாம் அடித்துவிடப்பட்டு, கிராமில் எழுதப்பட்டுள்ளன.

கரி அடுப்புத் துண்டுகளுக்கு அன்னாசியை இன்றும் பச்சையாகத்தான் பிழிகிறார்கள். இரண்டு மணி நேரம்தான் ஊறுகிறது. ஸ்மோக்கர் மூட்டும் நாளில் மட்டும் சாறு முதலில் அடுப்பில் ஏறிக் கொதிக்கிறது.